சாப்பாட்டு மேசையில் கப்பல்

பிப்ரவரி 11, செவ்வாய்

கழுத்து வலி. வலது கை சுண்டுவிரலிலிருந்து முழங்கை வரை மரத்துப் போகிறது. காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் தானாக நழுவி விழுந்தது.

வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்து இது இரண்டாவது வாரம். தூத்துக்குடி ஆபீசை மூடிவிட்டார்கள். என் இரண்டு பெரிய மானிட்டர், உயரம் சரிசெய்து வைத்திருந்த நாற்காலி, எல்லாம் போச்சு. கையில் ஒரு பதினாலு இன்ச் லேப்டாப்பைக் கொடுத்து, "ஜூலை முடிய வீட்டுல இருந்து பாருங்க விஜிலா. சரியா வந்தா அப்படியே தொடரலாம். இல்லன்னா சென்னைக்கு வரணும்" என்றார் கிளாட்வின் சார். சென்னைக்கு எப்படிப் போவேன்? என் புருஷன் ஜாய்சனின் போட் இன்ஜின் ஒர்க்‌ஷாப் இங்கே. மகள் ஜெமிமாவுக்கு ஏழு வயது. சென்னைக்கு வா என்றால் வேலையை விடு என்றுதான் அர்த்தம்.

கப்பலில் எந்தக் கன்டெய்னர் பெட்டி எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று கட்டம் கட்டமாகப் படம் போட்டுக் கொடுக்கிற வேலை. ஒரு கப்பலுக்கு எழுநூறு, எண்ணூறு பெட்டி. இந்தச் சின்னத் திரையில் ஒரு நேரத்தில் கப்பலின் இரண்டு துண்டுதான் தெரிகிறது. முன்பக்கம் பார்த்தால் பின்பக்கம் மறந்துபோகிறது. எடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க மறுபடி முதலிலிருந்து உருட்ட வேண்டும். உருட்டி உருட்டியே சாயங்காலம் ஆகிவிடுகிறது.

பிப்ரவரி 13

மாமி, ஜாய்சனின் அம்மா, பக்கத்து வீட்டு ஜீவமணி அக்காவிடம் சொன்னது குசினி அடுப்பு வரை கேட்டது. "அவளா? உள்ள கட்டம் விளையாடிக்கிட்டு இருக்கா."

விளையாடுகிறேனாம்!

பிப்ரவரி 20, வியாழன்

இன்று நான் உட்கார்ந்த இடங்கள்: கட்டில், சாப்பாட்டு மேசை, மாடிப்படி, மறுபடி கட்டில். கட்டிலில் முதுகு போகிறது. மாடிப்படியில் வெயில். மேசையில் மாமி காய் நறுக்க வருகிறாள். லேப்டாப்புக்கு அடியில் குக்கர் பெட்டியை வைத்துப் பார்த்தேன். திரை கண்ணுக்கு நேரே வந்தது, கீபோர்டு நெஞ்சுக்கு ஏறிவிட்டது. சரி என்று தனிக் கீபோர்டு வாங்கி வந்தேன். இப்போது கழுத்து நிமிர்ந்திருக்கிறது. ஆனால் கண் எட்டவில்லை. எறும்பு மாதிரி எழுத்து.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேவிட்டேன். "மாமி, இனிகோ ரூம் சும்மாதான பூட்டிக் கெடக்கு. பகல்ல மட்டும் நான் அங்கன இருந்துக்கிடட்டுமா?"

கொழுந்தன் இனிகோ மஸ்கட்டில் இருக்கிறான். கடைசியாக வந்தது போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்மசுக்கு. சாவி மாமியின் இடுப்பில்.

"அது அவன் ரூம்ளா" என்றாள்.

"அவன் இங்க இல்லையே மாமி."

"இல்லன்னா? அவன் ரூம் இல்லன்னு ஆயிருமா?"

ஜாய்சனிடம் சொன்னால் அவன் அதற்கு மேல். "லேப்டாப்ப எங்கன வேணாலும் வச்சுப் பாக்கலாம்லா விஜி. அதுக்குத்தான அத மடக்குதாப்ல செஞ்சிருக்கான்."

அவன் சொன்னதைத்தான் இவ்வளவு நேரமும் மென்றுகொண்டிருக்கிறேன். லேப்டாப்புக்கு இடம் வேண்டாம். அதனால் எனக்கும் இடம் வேண்டாம் என்று இந்த வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். சரி. மடக்க முடியாத ஒன்றை வாங்குகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

வாங்கிவிட்டேன். இருபத்தேழு இன்ச். ஆட்டோவில் மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். பாலத்தில் ஆட்டோ குதித்தபோது என் உயிரே குதித்தது.

வாசலிலேயே மாமி. "தபசு நாள்ல புதுச் சாமான் வாங்குவாகளா? ஈஸ்டர் முடிய பொறுக்க முடியாதா ஒனக்கு?"

"சோலிக்கு மாமி."

"டிவி மாதிரில்லா இருக்கு. வீட்ல டிவி இல்லையா?"

மார்ச் 12

கப்பல் முழுசாகத் தெரிகிறது! முன்னும் பின்னும், மேல்தட்டும் அடித்தட்டும், ஒரே பார்வையில். இடது பக்கம் பெட்டிகளின் பட்டியல், வலது பக்கம் படம். மூடித் திறந்து மூடித் திறந்து பார்க்கிற எழவு இல்லை. போன வாரம் பொழுது சாயும் வரை இழுத்த வேலை இன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஜெமிமா வந்து, "ஏம்மா சிரிக்க?" என்றாள்.

ஒரே குறை, முதல் நாள் ரொம்பப் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தலையைத் திருப்பித் திருப்பி நெற்றி தெறித்தது. இன்று ஒரு கை நீளம் தள்ளி வைத்தேன். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் என் மூஞ்சிதான் தெரிகிறது. மேசையை இழுத்து ஜன்னலைப் பக்கவாட்டில் விட்டேன். மேசை கோணலாகிவிட்டது என்று மாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மார்ச் 27, வியாழன்

தினமும் மத்தியானம் இதே கூத்து. ஒயரைக் கழற்று, மானிட்டரைத் தூக்கு, பிரிட்ஜ் மேல் வை. சாப்பிட்ட பிறகு இறக்கு, ஒயரை மாட்டு. இன்று எடுக்கப் பிந்திவிட்டேன். குழம்புச் சட்டியோடு மாமி வந்து நிற்கிறாள். "ஏளா, கப்பல் போனா போகட்டும், சோறு ஆறுது." திரையின் மூலையில் மீன் குழம்பு தெறித்தது.

"மடக்குத சாமானே போதும்னேன் நான்" என்றான் ஜாய்சன், முள்ளைக் கடித்துக்கொண்டே. பிளக்கை அவன் முன்னால் வீசி எறிந்தேன். அப்புறம் நானேதான் பொறுக்கினேன்.

ஒரு மேசை. ஒரே ஒரு மேசை, ஒரு கதவு. அதிகமாகவா கேட்கிறேன்?

ஏப்ரல் 21, திங்கள்

என்ன செய்வது, யாரிடம் சொல்வது!

மாடியில் துணி காயப் போட்டுவிட்டு இறங்கி வருகிறேன். மாமி கையில் ஈஸ்டர் பூசையில் மந்திரித்த தண்ணீர் பாட்டில். மானிட்டருக்கு முன்னால் நின்று சிலுவை போடுகிறாள். திரையில் சொட்டுச் சொட்டாக வழிகிறது. "மாமி!" என்று கத்திவிட்டேன். "தபசு முடிஞ்சுட்டுல்லா, இப்பம் மந்திரிக்கலாம். முன்னால மட்டும் போட்டா காணுமா? பின்னாலயும் போட்டேன்" என்றாள், வெகு சந்தோஷமாக. பின்னால்தான் காற்றுப் போகிற ஓட்டைகள் எல்லாம் இருக்கின்றன. ஒயரைப் பிடுங்க ஓடினேன். அதற்குள் ஒரு தடவை மினுங்கிக் கறுத்துப் போனது.

வாயில் வந்ததை எல்லாம் பேசிவிட்டேன். கோட்டி பிடித்த வீடு என்றேன். மாமி அழுதுவிட்டாள். "நான் வேணும்னா செஞ்சேன்? வள்ளத்துக்குப் போடுதோம், வண்டிக்குப் போடுதோம், எல்லாம் நல்லாத்தான ஓடுது."

ஏப்ரல் 22

ரிப்பேர் கடை அண்ணாச்சி பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "தண்ணி எப்படிம்மா உள்ள போச்சு?" என்றார். உள்ளே ஒரு போர்டு மாற்ற வேண்டுமாம். வெளியூரிலிருந்து வர வேண்டுமாம். எப்போது வரும் என்றால் தலையைச் சொறிகிறார்.

மறுபடி லேப்டாப். மறுபடி குக்கர் பெட்டி.

மே 6, செவ்வாய்

பெரிய தப்பு நடந்துவிட்டது.

கப்பலுக்குப் படம் கொடுத்து முடித்த பிறகு, கடைசி நேரத்தில் இரண்டு பெட்டியை இடம் மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். அதில் ஒன்று ரீஃபர், குளிர்பெட்டி. உள்ளே உறைய வைத்த இறால். அதற்குக் கப்பலில் பிளக் உள்ள இடம்தான் கொடுக்க வேண்டும். நான் கொடுத்த இடத்தில் பிளக் இல்லை. கம்ப்யூட்டர் சிவப்பில் எச்சரித்திருக்கிறது. அந்தச் சின்னத் திரையில் பெட்டிப் பட்டியலுக்குப் பின்னால் அது மறைந்து கிடந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை.

கப்பலின் சீஃப் ஆபீசர் கண்டுபிடித்துவிட்டார், புண்ணியவான். மேலே ஏற்றிய பெட்டிகளை இறக்கி, இதை எடுத்து மாற்றி, கப்பல் பிந்திக் கிளம்பியது. கிளாட்வின் சார் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஜூலை வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது விஜிலா." ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஹாலில் மாமி டிவியின் சத்தத்தைக் குறைத்தது எனக்குக் கேட்டது.

மே 7

மாமி மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன். ஏப்ரலில் சண்டை போட்டதிலிருந்து நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அவளாகத்தான் கேட்டாள்.

"யாரு இறால் அது?"

"நம்ம பக்கத்து இறால்தான் மாமி. அமெரிக்காவுக்குப் போகுது."

"பிளக்கு மாட்டலன்னா?"

"போய்ச் சேர ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள மொத்தமும் நாறிரும்."

"பெட்டி முழுக்கவா?" கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். மாமா கடலுக்குப் போன காலத்தில் மீன் ஏலக்கூடத்தில் நின்றவள். ஐஸ் வராமல் ஒரு கூடை இறால் கெட்டாலே எப்படிப் பதறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். "அந்தப் பெட்டிய எங்கன வைக்கணும்னு நீயா சொல்லுத?"

"நான்தான்."

"நீ சொன்ன எடத்துலதான் வைப்பானுவளா? அம்புட்டுப் பெரிய கப்பல்ல?"

"ஆமா மாமி."

மீன் கையைக் கழுவிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இம்புட்டு நாளும் இதையாளா பாத்துக்கிட்டு இருந்த?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன் போல.

மே 9

லேப்டாப்பின் மேல் சாவி. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை.

மே 19, திங்கள்

மானிட்டர் பிழைத்து வந்துவிட்டது. இனிகோ ரூமில் பாச்சை உருண்டை வாசம், ஆனால் வடக்குப் பார்த்த ஜன்னல். கட்டிலைச் சுவரோடு தள்ளிவிட்டு, ஒர்க்‌ஷாப்பில் கிடந்த பழைய மேசையை ஜாய்சன் கொண்டுவந்து போட்டான். வாயைத் திறக்காமல் போட்டான், அதுவே பெரிசு. திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேரே. கை இரண்டும் மேசையில் படிந்து உட்காருகிறது. கதவைச் சாத்தினேன். பிறகு திறந்து மறுபடி ஒரு தடவை சாத்தினேன்.

ஜூன் 14

கை மரப்பது நின்றுவிட்டது. ஆறு கப்பல், ஒரு தப்பு இல்லை. ஆனாலும் நிம்மதி வரமாட்டேன் என்கிறது. ஜூலை முடிய இன்னும் கிடக்கிறது. நேற்று நடுவேலையில் கரண்ட் போனது. மானிட்டர் இருட்டு. லேப்டாப் மட்டும் அணையாமல் நான் போட்ட கப்பல் படத்தைப் பிடித்து வைத்திருந்தது. பாவம், அதை எவ்வளவு திட்டியிருக்கிறேன்.

ஜூலை 12, சனி

இனிகோ போன் பண்ணினான். பனிமய மாதா திருவிழாவுக்கு வாரானாம். முப்பதாம் தேதி வந்து இரண்டு மாசம் இருப்பானாம். மாமி போனை வைத்துவிட்டு அழுகிறாள், சிரிக்கிறாள், ஜீவமணி அக்காவைக் கூப்பிடுகிறாள்.

"அவன் வந்தா ரூம விட்டுரணும்லா" என்றான் ஜாய்சன். "ரெண்டு மாசந்தான."

ரெண்டு மாசந்தானாம்! ஜூலை முடிந்ததும் கிளாட்வின் சார் முடிவு சொல்லப் போகிறார். அந்த நேரத்தில் நான் மாடிப்படியில் குந்தியிருக்கவா?

ஜூலை 20

ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். இன்ஜின் சத்தத்தில் போன் மணியே கேட்காது. மூலைக்கு மூலை கிரீஸ். மாமியிடம் கேட்கலாமா? என்ன என்று கேட்க? பெற்ற பிள்ளை வருகிறான், அவனை வெளியே படுக்க வை என்றா? சவத்தை விடு என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். மனசு விடமாட்டேன் என்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

மாமி இனிகோவின் மெத்தையை மாடிக்குத் தூக்கிப் போய்த் தட்டிக் காயப் போட்டுவிட்டாள். புதுப் போர்வை, புதுத் தலையணை உறை. அவள் வந்து கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது. காலையில் நானே கழற்றிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இரண்டு நாளாக எழுத ஒழியவில்லை.

புதன்கிழமை காலை ஒயரைக் கழற்றி, மானிட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஹாலில் மாமி, காயப் போட்ட மெத்தையை விரித்து ஜன்னலோரமாகப் படுக்கை போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "இத எங்கன கொண்டு போற?" என்றாள்.

"இனிகோ வாரான்லா மாமி."

"வந்தா? இங்கன ஃபேன் இல்லையா? லீவுக்கு வாரவன் எங்கன வேணாலும் படுப்பான். உள்ள கொண்டு போய் வைளா, கீழ போட்டுராத." மெத்தையை விட்டுவிட்டு வந்து மானிட்டரின் ஒரு பக்கத்தை அவளே பிடித்தாள்.

கிளாட்வின் சார் தனியாக எதுவும் சொல்லவில்லை. ஆகஸ்ட் மாதக் கப்பல்களைப் பிரித்து நேற்று மெயில் அனுப்பினார். நாலு கப்பல் என் பேரில்.

இன்று அதில் முதல் கப்பல். கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன். புதன் ராத்திரி வந்த இனிகோ இப்போதுதான் தூங்கி எழுந்து பெட்டியைப் பிரிக்கிறான் போல, வெளியே என்னைத் தேடுகிற குரல் கேட்கிறது. "எம்மா, மைனி எங்க? அவங்களுக்குன்னு ஒரு சாமான் கொண்டாந்திருக்கேன்."

"அவ சோலிக்குப் போயிருக்கா" என்கிறாள் மாமி. "மத்தியானம் வருவா. அப்பம் குடு."