குறையாத அலமாரிகள்

ஜூன் 3

"யாராவது படிக்கிறாங்களாக்கா?" பள்ளிக்கூடங்களுக்குப் புத்தக அலமாரி கொடுக்கத் தொடங்கிய வருடம் தம்பி இப்படிக் கேட்டான். "நேர்ல போய்ப் பாருடா" என்றேன். அவனுக்கு எங்கே நேரம்? கணக்கெடுக்க ஆள் அனுப்பினான்.

இன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். தம்பிக்கு இன்னும் சில வாரங்கள்தானாம்.

ஜூன் 9

தம்பி இன்று படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து பேசினான். நடைபாதையில் தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகம் விற்ற காலத்தில், மழை வந்தால் சட்டையைக் கழற்றிப் புத்தகங்களுக்குப் போர்த்துவான். காய்ச்சல் இவனுக்கு வரும். அந்தப் பிடிவாதத்தில்தான் இத்தனை புத்தகக் கடைகள்.

வருடத்துக்கு ஒருமுறை கடைகளில் இருப்பு எடுப்பதுபோல, தானமாகக் கொடுத்த அலமாரிகளிலும் எடுக்கிறார்கள். ஒரு புத்தகம் குறைந்தாலும் அந்தப் பள்ளிக்கு மறு வருடம் புதுப் புத்தக வண்டி போகாது.

"இதுவரைக்கும் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் ஒண்ணுகூடக் குறையலக்கா!"

ஒன்றுகூடவா? என் வகுப்பில் ஒரு சாக்பீஸ் டப்பா ஒரு வாரம் தாங்காதே.

ஜூன் 16

மனசு கேட்கவில்லை. ஒரு பள்ளிக்குப் போனேன். அலமாரி தலைமையாசிரியையின் அறையில், அவர் நாற்காலிக்குப் பின்னால், பூட்டியபடி.

"பிள்ளைங்க கையில குடுத்தா கிழியும் டீச்சர். அப்புறம் அடுத்த வருஷம் வண்டி வராது."

"வந்தா என்ன செய்வீங்க?"

"அதையும் பூட்டி வைப்போம்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். ஈரத்தில் ஒட்டிய தாள்கள் கிழிந்துகொண்டே பிரிந்தன.

ஜூன் 18

இன்னும் மூன்று பள்ளிகள். மூன்றிலும் பூட்டு.

ஜூன் 20

சொல்வதா? தப்பாகப் போட்ட கணக்கை ஒரு பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்து நீட்டுகிறது. மணி அடிக்கப் போகிறது. தப்புக் குறி போடுவாயா, தலையைத் தடவி அனுப்புவாயா? ஆனால் இங்கே தப்பு நோட்டோடு முடியவில்லையே. அவன் போன பிறகும் பூட்டிக்கொண்டே இருப்பார்களே!

ஜூன் 24

சொல்லிவிட்டேன்.

"இதைச் சொல்லத்தான் ஆப்பிள் நறுக்கிக் குடுத்தியா?" சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கடையில ஒரு புத்தகம் குறைஞ்சா என்னடா அர்த்தம்?"

"வித்திருக்கணும். இல்ல, திருட்டுப் போயிருக்கணும்."

"வருஷம் முழுக்க ஒண்ணுமே குறையலைன்னா?"

போர்வையை இழுத்துக்கொண்டான். பிறகு சுவரைப் பார்த்தே சொன்னான்: "கடையை மூடிட வேண்டியதுதான்."

ஜூன் 25

தம்பி மகன் போன் செய்தான். "அப்பா நேத்துலேருந்து சாப்பிடலை அத்தை. இப்ப உங்களுக்கு நிம்மதியா?"

இல்லைப்பா.

ஜூலை 2

மகனையும் கணக்கெடுப்பவரையும் படுக்கையருகே வரவழைத்தான். "எங்க குறையுதோ அங்க வண்டி அனுப்பு. குறையாத இடத்துக்கு வேண்டாம்." குரல் எழும்பவில்லை, இரண்டு முறை சொன்னான். வெளியே வந்து மகன் சொன்னான்: "மருந்து மயக்கம் அத்தை. அப்பா தேறி வரட்டும், பாக்கலாம்."

தேறி வருவதாவது.

ஜூலை 11

போய்விட்டான். காலையில். என் தம்பி.

ஆகஸ்ட் 8

அலமாரி கொடுக்கும் தம்பியின் அறக்கட்டளைக் கூட்டம். அவன் படம் பதித்த பெரிய அலமாரிகள் கொடுக்கப் போகிறார்களாம். பழைய விதி அப்படியே. அவன் கடைசியாகச் சொன்னதைச் சொன்னேன். "அத்தை பாவம், துக்கத்துல இருக்காங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு தம்பி மகன் டீ வரவழைத்தான். மறுபடி சொன்னேன். டீ ஆறுகிறது என்றார்கள்.

ஆகஸ்ட் 19

முதலில் போன பள்ளியின் தலைமையாசிரியை கூப்பிட்டார். கணக்கெடுக்க வந்தார்களாம். அலமாரியில் பாதிப் புத்தகங்கள்தான் இருந்தனவாம். இனி அந்தப் பள்ளிக்கு வண்டி கிடையாதாம்.

"எப்பம்மா திறந்தீங்க?"

"நீங்க வந்துட்டுப் போன மறுநாளே. நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க டீச்சர். மிச்சம் இருக்கறதும் பிள்ளைங்க கையில ரொம்ப நாள் தாங்காது."

போனை வைத்துவிட்டு அழுதேன். யாராவது படிக்கிறார்களா என்று நீ கேட்டதற்குப் பதில் வந்திருக்கிறதடா.

இதை யார் படித்தாலும், உங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகத்தை இன்றைக்கு ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். திருப்பிக் கேட்காதீர்கள்.