ஆமுண்டின் வேலியோர மரம்

ஹர்தாங்கர்,
செப்டம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள ஷூருக்கு,

குன்வோர் எழுதுவது. நானும் பிள்ளை சிக்னேயும் நலம். உன் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ, அங்கே நீயும் நலமாக இருக்க வேண்டும். முதலில் இதைப் படி, மற்றதெல்லாம் பிறகு: ஆப்பிள் தப்பித்துவிட்டது. தோப்பை விற்க வேண்டாம்.

இன்னொரு முறை புழு விழுந்தால் விற்றுவிட்டு பெர்கன் நகரத்துக்குப் போய்விடலாம் என்று நீ எழுதியதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜூனில் மலைச்சரிவு முழுக்க ரோவன் மரங்களில் பூவே இல்லை. போன வருஷம் கொத்துக் கொத்தாகப் பழுத்துச் சிவந்து கிடந்தவை. அந்தப் பழத்தைத் தின்று பெருகிய பூச்சியெல்லாம் இந்த வருஷம் எங்கே போகும்? நம் ஆப்பிளுக்குத்தான். நகத்தளவுகூட இல்லாத பூச்சி, அது இடும் முட்டைதான் பழத்துக்குள் புழுவாகிறது. சாயங்காலம் அது பறப்பதைப் பார்க்கும்போதெல்லாம் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

முந்தாநாள் பறிக்கத் தொடங்கினோம். முதல் பழத்தை அறுக்க எனக்குக் கை வரவில்லை. சிக்னேதான் கத்தியைப் பிடுங்கி அறுத்தாள். உள்ளே வெள்ளைவெளேரென்று இருந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே. எதிலும் புழு துளைத்துப் போகும் அந்தப் பழுப்புக் கோடு இல்லை. கவிழ்த்துவைத்த கூடைமேல் உட்கார்ந்து அழுதேன். கூடை உடைந்தது, பிறகு இருவரும் சிரித்தோம். கடற்கழியின் எதிர்க்கரையில் பாதிப் பேரின் பழம் சாறு பிழியக்கூட ஆகாதாம்.

காரணம் சொன்னால் உனக்குக் கோபம் வரும், வரட்டும். பக்கத்துத் தோப்பு ஆமுண்டின் வேலியோரம் இரண்டு ரோவன் நின்றதே, பூச்சியை வளர்ப்பதே அவைதான் என்று கப்பலேறும் முன் அவரைக் கேட்காமல் ஒன்றை வெட்டிச் சாய்த்தாயே. மிஞ்சிய மரம், இந்தச் சரிவிலேயே அது மட்டும், கிளை வளையப் பூத்தது. பூச்சியெல்லாம் அதற்கே போய்விட்டது.

நேற்று கேக் எடுத்துக்கொண்டு போனேன். ஆமுண்ட் ஒரு ரோவன் பழத்தை நகத்தால் பிளந்து காட்டினார். உள்ளே புழு நெளிந்தது.

"அதுக்கு இஷ்டமான சாப்பாடு இதுதான், குன்வோர். இது இருக்கறப்போ உங்க ஆப்பிளை ஏன் மோந்து பாக்கப் போகுது? உன் புருஷன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு உறைத்தது. கேக் வறட்டு வறட்டென்று இருப்பதாகவும் சொன்னார், ஆனால் ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.

நீ வெட்டிய அடிமரத்தில் முழங்கால் உயரத்துக்குத் தளிர் வந்திருக்கிறது. ஆடு கடிக்காமல் நானும் அவரும் சுற்றிலும் குச்சி நட்டோம். உன் ரம்பத்தை எங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு விடுப்புக் கிடைத்தால், கரையிறங்கியதும் நேரே வீட்டுக்கு வராதே. ஆமுண்டின் கதவைத் தட்டு. என்ன பேசுவதென்று நான் சொல்லித்தர மாட்டேன். பேசி முடித்து அவரையும் கூட்டிக்கொண்டு வா. காபிக்கு அவர் கோப்பையையும் எடுத்து வைத்திருப்பேன்.

கடல் உன்னைப் பத்திரமாகத் திருப்பித் தரட்டும்.

உன்,
குன்வோர்