காற்று வாங்கிய சாக்கெட்

28-7-74, ஞாயிறு

உபரி நிலம் என்று எங்கள் தெருவுக்குக் கிடைத்த ஒன்பது ஏக்கருக்கும் பட்டா இருக்கிறது. தண்ணீர்தான் இல்லை. மேல்மடை பண்ணையாருடையது, விட மாட்டேன் என்கிறார். இந்தச் சம்பாவிலும் தரிசாகக் கிடந்தால் பட்டாவை ரத்து செய்ய வேண்டும் என்று பண்ணை மனுப் போட்டிருக்கிறது. அடுத்த மாதம் இருபதாம் தேதி ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., பார்வையிட வருகிறாராம். மனு எழுதுவதில் நானும் சளைத்தவனில்லை. மனுவில் நாற்று முளைக்காதே. ஃபில்டர் பாயிண்ட், அதாவது குழாய்க் கிணறு, இறக்குவது என்று முடிவாகிவிட்டது.

2-8-74, வெள்ளி

திருப்பனந்தாள் அல்லா பிச்சை பாய் வந்து குழாய் இறக்கினார். இரண்டு குழாயின் வாயையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்பு வளையத்துக்குச் சாக்கெட் என்று பெயர். குழாயின் திருகு மரையில் சணல் சுற்றி, பெயிண்ட் தடவித்தான் முறுக்க வேண்டும்.

பம்பை ஒட்டிய கடைசிச் சாக்கெட் மட்டும் பாக்கி. பாய் டீசல் வாங்கப் போயிருந்தார். பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் இன்ஜினைப் போட்டாக வேண்டும் என்று மருதையன் மாமா நச்சரித்தார். ராகு காலத்தை நம்பாத நான்தான் குழாய் முறுக்கும் ரிஞ்சை எடுத்தேன். சணலும் இல்லை, பெயிண்டும் இல்லை. வெறும் மரையில் முறுக்கிவிட்டேன்.

இன்ஜின் ஓடியது. தண்ணீர் வரவில்லை.

3-8-74

பம்பு தண்ணீரை இழுக்கட்டும் என்று பாய் மூன்று தடவை அதன் வாயில் சாணித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். பம்பு ஒரு குவளை துப்பிவிட்டு நின்றது. "அடியில ஊத்து இல்ல தம்பி. குழாய உருவிடலாம்" என்றார். பண்ணைக் காரியக்காரர் பஞ்சநதம் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். "ஏண்டா, பட்டாவைப் பிழிஞ்சு பாரேன்" என்று சிரித்தார்.

சணல் சுற்றாததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தானா? ஒன்பது குடும்பம் காத்திருக்கு. என்ன மனுஷன்டா நீ?

4-8-74

அகராதியில் சாக்கெட் பார்த்தேன். கண் இருக்கும் குழி. பல் இருக்கும் குழி. தோள் எலும்பு பொருந்தும் இடம். பல்பு மாட்டும் இடம். எனக்கு வேண்டியது எதுவும் அதில் இல்லை.

"புஸ்தகத்துல தண்ணி வருதா?" என்றாள் அம்சம். என் பெண்டாட்டி வாய்க்குப் பூட்டே கிடையாது.

5-8-74, திங்கள்

குழாயை உருவ எல்லாரும் கூடியிருந்தோம். அம்சம் குழைத்த களிமண்ணோடு வந்தாள். மேலே இருந்த ஒவ்வொரு சாக்கெட்டிலும் அப்பினாள். "இன்ஜினப் போடுங்க பாய்." மற்ற இடத்தில் மண் அசையவில்லை. கடைசிச் சாக்கெட்டில் மட்டும் ஓட்டை விழுந்து மண் உள்ளே போனது.

"இங்கதான் காத்து வாங்குது, அதான் தண்ணி ஏறல. புள்ள பால் குடிக்கயில வாயோரம் காத்துப் போனா ஒரு சத்தம் வரும். அன்னிக்கே இங்க கேட்டுச்சு."

பாய் கழற்றினார். வெறும் மரை. "யாரு பாத்த வேலை இது?" மருதையன் மாமா வானத்தைப் பார்த்தார்.

"யாரா இருந்தா என்ன பாய், சணலச் சுத்துங்க" என்றாள் அம்சம். என் பக்கம் திரும்பவே இல்லை.

குழாய் நிறையத் தண்ணீர். நான் அழுதேன். எழுதினால் என்ன, அழுதேன்தான்.

வீட்டுக்கு வந்து, "நான்தான் முறுக்கினேன்" என்றேன்.

"தெரியும். மூணு நாளா கொழம்புல உப்பு இல்லன்னு ஒரு சண்டை போடலியே நீங்க."

இவளோடு எட்டு வருஷம் குடித்தனம் பண்ணியும் இவளை நான் முழுசாகப் பார்த்ததில்லை.

6-8-74

விதை விட்டாச்சு. தெருவைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.

20-8-74

ஆர்.ஐ. நாற்றைத் தடவிப் பார்த்தார். 'சாகுபடியில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

12-9-74, வியாழன்

நடவு. பஞ்சநதம் வந்தார். பண்ணைப் பம்பு இரண்டு நாளாகத் தண்ணீர் எடுக்கவில்லையாம்.

"அம்சம், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க."

எங்கள் தெருப் பெண் யாரையும் அவர் இப்படி 'ங்க' போட்டு அழைத்து நான் கேட்டதில்லை. அம்சம் குனிந்த தலை நிமிராமல், "எங்க நடவு முடியட்டும், வர்றேன்" என்றாள்.

மூன்று மணி வரை வெயிலில் நின்றார்.