அம்மாவின் கடைவாய்ப்பல்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள், கன்னத்து வீக்கம் வடிந்துவிட்டது, வலது பக்கமாக மென்று சாப்பிடுகிறாள். இதை முதலில் எழுதிவிட்டால் மற்றதை நீ பதறாமல் படிக்கலாம். என்னைப் பற்றி எழுத விசேஷமாக ஒன்றுமில்லை என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவேன். இந்த முறை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாய், பல் எடுத்த அன்று நடந்ததை நேரம் போட்டு வரிசையாக எழுதி அனுப்புங்கள், அந்த டாக்டர்மேல் எங்கே புகார் கொடுக்க வேண்டுமோ அங்கே கொடுக்கிறேன் என்று. இதுக்கு நீங்கதான்பா சரியான ஆள், ஒரு புள்ளியைக்கூட விடமாட்டீங்க என்றும் சொன்னாய். நான் சரி என்றேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். நீ கேட்டபடியே வரிசையாக எழுதுகிறேன். படித்து முடித்த பிறகும் புகார் கொடுக்கத் தோன்றினால் என்மேல் கொடு.

அம்மாவுக்கு இடது கீழ்க் கடைவாய்ப்பல்லில் எட்டு நாளாக வலி. வாய்விட்டுச் சொல்லவில்லை, தண்ணீர் குடிக்கும்போது தலையைச் சாய்ப்பதைப் பார்த்து நான்தான் கேட்டேன். சலவைக்கடை மாடியில் ஒரு பெண் டாக்டர் புதிதாக வந்திருக்கிறார் என்று தெரிந்து புதன்கிழமை பதினொரு மணிக்கு நேரம் வாங்கினேன். முந்தின நாள் மாலை, அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன்பு இதயத்துக்குச் சிகிச்சை செய்தார்களே, அப்போதிலிருந்து அடித்தும் திருத்தியும் அந்தத் தாள் கண்ணராவியாக இருந்தது. அதை ஒரு டாக்டரிடம் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. புதுத் தாளில் முத்து முத்தாகப் பெயர்த்து எழுதினேன். அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் பிழை திருத்தியவன் நான். இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிந்தால் கண் முதல் வரியின் கடைசியிலிருந்து அடுத்ததின் கடைசிக்குத் தாவிவிடும், ஒரு வரி காணாமல் போகும், அதனால் விரலை வைத்துப் படியுங்கள் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பேன். அம்மாவின் பட்டியலில் மூன்றாவது வரியும் நான்காவது வரியும் 'காலை, உணவுக்குப் பின், ஒன்று' என்று முடிகின்றன. நான்காவது, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை. அது என் புதுத் தாளில் இல்லை.

புதன்கிழமை பத்து ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் எழுதியதை மனதுக்குள் ஒப்பித்துப் பார்த்தேன். ஆறு வந்தது. ஏழு வர வேண்டும். எழுந்திருக்கப் பார்த்தேன். ஆனால் அன்று காலையில் பூட்டை இழுத்துப் பார்க்க ஒருமுறையும் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க ஒருமுறையும் வாசலிலிருந்து திரும்பிப் போயிருந்தேன். வண்டியில் அம்மா, வாழ்க்கை பூரா திரும்பிப் பார்த்தே உங்களுக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு, ஒரு தடவையாவது செஞ்சது சரின்னு நம்புங்க என்று சொல்லியிருந்தாள். மேசைப் பெண் வேறு போனில் பேசிக்கொண்டிருந்தாள். சரி, நம்பித்தான் பார்ப்போமே, எண்ணியதில்தான் தப்பு இருக்கும் என்று உட்கார்ந்துவிட்டேன். மேசைக்கும் எனக்கும் ஆறடி தூரம் இருந்திருக்கும்.

டாக்டருக்கு உன்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். பட்டியலைப் படித்துவிட்டு, இவ்வளவு தெளிவா யாருமே எழுதிட்டு வந்ததில்ல சார் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, அதை மறைப்பானேன். பிறகு அவர் அம்மாவைப் பார்த்து, இதைத் தவிர வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கறீங்களாம்மா என்று கேட்டார். அம்மா நாற்காலியிலிருந்து கையைத் தூக்கினாள். நான் கதவருகே நின்றபடி, எல்லாம் அதுலயே இருக்கு டாக்டர் என்று சொன்னேன். அம்மா கையை இறக்கிக்கொண்டாள். பதினொன்றேகாலுக்கு மரத்துப்போக ஊசி போட்டார், பதினொன்றே முக்காலுக்குப் பல் வெளியே வந்துவிட்டது. வேர் கொஞ்சம் வளைந்திருந்ததைத் தட்டில் வைத்துக் காட்டினார். பஞ்சை அரைமணி நேரம் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், இன்று ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்றார். அம்மா வாயைத் திறக்காமல் இரண்டு விரலைக் காட்டினாள், இரண்டு கிண்ணம் வேண்டுமாம். டாக்டர் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தோம். ஒரு மணிக்கு முதல் பஞ்சு முழுவதும் சிவந்திருந்தது. இரண்டு மணிக்கு மூன்றாவது பஞ்சு. மூன்று மணிக்குக் கைத்துண்டு. அப்போதுதான் மேசை இழுப்பறையிலிருந்து பழைய தாளை எடுத்து விரல் வைத்துப் படித்தேன். மூன்றரைக்கெல்லாம் திரும்பவும் டாக்டரிடம் போய்விட்டோம். வழியெல்லாம் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள், பேச முடியவில்லை. டாக்டர் கை கழுவப் போனபோது பின்னாலேயே போய், ஒரு மாத்திரையை எழுத விட்டுட்டேன் டாக்டர் என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். இதய டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டார், மருந்து வைத்து இரண்டு தையல் போட்டார், ரத்தம் நிற்கும்வரை ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்தார். அதற்குள் வந்திருந்த மூன்று பேரைக் காக்கவைத்தார். முன்னாடியே தெரிஞ்சிருந்தா அப்பவே தையல் போட்டு இங்கயே உக்கார வெச்சிருப்பேன் சார், பயப்படும்படியா ஒண்ணுமே ஆகியிருக்காது என்று என்னிடம் மட்டும் சொன்னார். அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அம்மாவிடம் சொல்வதை டாக்டர் என் பொறுப்பில் விட்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

நான் சொல்லவில்லை. மறுநாள் அம்மாவுக்குப் பேச்சு வந்ததும், கை பழகாத பொண்ணு, வேரைப் போட்டு நோண்டிட்டா என்று மாடிவீட்டு அக்காவிடம் சொன்னாள். அவர் அன்றைக்கே தன் வீட்டுக்காரருக்கு இந்த டாக்டரிடம் வாங்கியிருந்த நேரத்தை ரத்து செய்துவிட்டு, காலையில் கூட நடக்கிற பெண்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். பிறகு உன்னிடம் அம்மா சொன்னாள். ஒவ்வொரு முறையும் நான் அதே அறையில்தான் இருந்தேன். செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டு, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு. டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை. சனிக்கிழமை சலவைக்கடைப் பக்கம் போனபோது மாடிப்படியில் ஒரு ஜோடிச் செருப்புகூட இல்லை. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், ஆனாலும் எதிர்ச்சாரிக்கு மாறி நடந்தேன்.

ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்க வேண்டும். அம்மா, அந்தக் கசாப்புக்காரிகிட்ட மறுபடி வாயைக் காட்டணுமா, வேற டாக்டரைப் பாருங்க என்றாள். செவ்வாய்க்கிழமை காலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது இரண்டு தாள்களையும் கட்டில்மேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். விட்டுப்போன வரியைப் பற்றித் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. அந்தப் பொண்ணு என்னைத்தான் கேட்டா, நான் சொல்லத்தான் கையைத் தூக்கினேன், என் வாயில இருக்கிற பல்லுக்குக்கூட நீங்கதான் பதில் சொல்லணுமா என்றாள். பிறகு மிச்சத் துணியை மடித்தாள், என் சட்டைகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டாள். பயந்த சுபாவக்காரன் என்றுதான் என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர்களிடம் வாயைத் திறக்கத் தயங்குகிறவன் இவளுக்குப் பதிலாகப் பேசும்போது மட்டும் தயங்கினதே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நேற்று புதன்கிழமை அந்த டாக்டரிடமே போனோம். அம்மா என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உன்னைக் கண்டபடி பேசிட்டேன் கண்ணு, ஊர் பூரா சொல்லியும் வெச்சிட்டேன் என்று அவள் சொன்னது கேட்டது, டாக்டர் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. பிறகு இரண்டு பேரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், நடுவில் சிரிப்புச் சத்தம். தையல் பிரிக்க அவ்வளவு நேரம் ஆகாது. வீட்டுக்கு வந்ததும், மாடிக்காரிகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க, அதை உங்களுக்குப் பதிலா நான் சொல்லமாட்டேன் என்றாள். போனேன். மாடிவீட்டு அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, நீங்களா அண்ணே, உங்களை உதாரணம் காட்டித்தான் எங்க வீட்டுக்காரரைத் தினம் திட்டுவேன் என்றார். இனி அவர் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். நடைக்கு வரும் பெண்களிடம் நாளைக் காலையில் நானே வந்து சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஆகவே புகார் வேண்டாம் மகளே. அங்கே உன் சிநேகிதிகள் யாரிடமாவது அந்த டாக்டரைப் பற்றிச் சொல்லியிருந்தால் அதையும் திருத்திச் சொல்லிவிடு. இன்னொன்றும் எழுத வேண்டும், இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். உனக்கு அங்கே வேலை கிடைத்த அன்று, இவ்வளவு தூரம் போவதில் அம்மாவுக்குச் சம்மதமா என்று நீ என்னிடம் கேட்டாய். அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்மா, தைரியமாகப் போ என்று சொன்னேன். அவளை நான் கேட்கவில்லை. ஒன்பது வருடம் ஆகிறது, இன்றுவரை கேட்கவில்லை.

குழந்தைக்குத் தூங்கப் போகுமுன் தினமும் பல் தேய்த்துவிடு, சோம்பல் படாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லா நலமும் சேர வேண்டும், குழந்தை நோய்நொடியில்லாமல் வளர வேண்டும், அப்பாவின் ஆசிகள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அம்மா எப்படி இருக்கிறாள் என்று என்னிடம் கேட்காதே. போனை அவளிடம் கொடுத்துவிட்டு நான் வெளியே நடக்கப் போய்விடுவேன், ஒரு மணி நேரம் ஆகும் திரும்பி வர. அவளிடமே கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா