முதல் தடவையே வேண்டும் என்றிருக்கலாம்

அன்பு மகள் மாரெனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நியூசிலாந்துக் குளிரில் உன் இருமல் விட்டதா என்று எழுது. ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கிறது, மீன்தான் இல்லை, அப்பா போன இரண்டு ஞாயிறும் வெறுங்கையோடு வந்து காற்றைத் திட்டினார்.

பட்ஜெட் ஒருவழியாக நிறைவேறிவிட்டது. மினசோட்டா அரசை மூடினால் என்ன, திறந்தால் என்ன, உங்கள் ஊர்ச் செய்தியில் வந்திருக்காது. எங்கள் சட்டசபையில் எங்கள் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் சரிபாதி உறுப்பினர்கள், யாரும் இறங்கி வரவில்லை. ஜூன் முடிவதற்குள் நிறைவேறாவிட்டால் மாநில அலுவலகங்களை எல்லாம் இழுத்து மூட வேண்டியதுதான். சாலைத் துறையிலிருந்து அப்பாவுக்கே தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தும் நோட்டீஸ் வந்தது, படித்துவிட்டு "நீங்க உள்ள உக்காந்து சண்டை போடறதுக்கு நான் ஏன் சம்பளமில்லாம வீட்ல உக்காரணும்?" என்றார். எங்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு ஓட்டு போனால் போதும் என்ற நிலை, எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அவர்களுடைய வரைவில் செலவைக் குறைக்க மூடும் இடங்களில் நம் ஜோயல் இருக்கிற, தனியே வாழ முடியாதவர்களுக்கான அரசு இல்லமும் இருந்தது. உன் தம்பிக்கு அந்த இல்லத்தை விட்டால் வேறு உலகம் தெரியாது என்பது உனக்கே தெரியும், தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விடுவதும் சாப்பாட்டு மணி அடிப்பதும் அங்கே அவன் வேலை.

நிதிக் குழுத் தலைவர் கேரட் புரூயிட் என்னைத் தேடி வந்தார். எதிர்க்கட்சிதான், டெக்சஸிலிருந்து குடிவந்தவர், மனுஷன் நல்லவர். "லோர்னா, உங்க ஊர் இல்லத்தைப் பட்டியல்லேருந்து எடுத்துடறேன், நீங்க ஓட்டுப் போடுங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயோ, எனக்காக எதுக்குங்க இவ்வளவு சிரமம்" என்றேன். நம் ஊரில் ஒரு துண்டு கேக் நீட்டினால்கூட இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி மூன்றாவது தடவைதானே வாங்குவோம். இரண்டாம் தடவை கேட்பார் என்று காபியை ஆற்றிக்கொண்டே நின்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய், அந்தப் பணத்தைத் தெற்கே யாரோ ஒருவருடைய பாலத்துக்குக் கொடுத்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கேட்டபோது இரண்டு பக்கத் தலைவர்களும் கைகுலுக்கி முடித்துவிட்டார்கள், இனி ஒரு வரியைத் தொட்டாலும் எல்லாம் கலைந்துவிடும் என்றார்கள். புரூயிட் முகம் வாடிவிட்டது. "நீங்க வேணாம்னுதானே சொன்னீங்க?" என்றார். சொன்னேன்தான். அப்பா இதைக் கேட்டுவிட்டு, "ஜென்மத்துல ஒரு தடவையாவது ஆமா வேணும்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று கத்தினார். அவர் மட்டும் என்ன, பக்கத்து வீட்டுக்காரர் படகு தருகிறேன் என்றதற்கு இன்னும் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஓட்டெடுப்பில், ஆதரவுக்கான பச்சைப் பொத்தானை அழுத்தினேன். சிவப்பை அழுத்தியிருந்தால் மாநிலத்தில் இருக்கிற எல்லா இல்லங்களிலும் சமைக்கிறவர், குளிப்பாட்டுகிறவர் அத்தனை பேருக்கும் சம்பளம் நின்றிருக்கும். பக்கத்து இருக்கை ஆர்லீன் என்னைப் பார்க்காமலே "உன் புள்ள வீட்டையே குடுத்துட்டியே லோர்னா" என்றாள். ஓட்டு சரிதான், திரும்பவும் அப்படித்தான் போடுவேன். ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, அதை உன்னிடம் மறைப்பானேன்.

இல்லம் இலையுதிர் காலத்தில் மூடுகிறது, அங்கிருப்பவர்களைத் தலைநகரத்து இல்லத்துக்கு மாற்றுவார்களாம். தெரியாதவர்களோடு அங்கே ஜோயலை விட எங்களுக்கு மனமில்லை, வீட்டுக்கே கூட்டி வரப்போகிறோம், உன் அறைதான் அவனுக்கு. சொன்னதும் அழவில்லை. "அது மாரென் ரூம். மாரென் வந்தா எங்க படுப்பா?" என்று மட்டும் கேட்டான். நீ தந்துவிட்டாய் என்று சொன்னேன், தலையைத் திருப்பிக்கொண்டான். ஈஸ்டர் அன்று "உன் இல்லத்தை யாரும் தொட மாட்டாங்கடா" என்று சொன்னவள் நான்தானே.

நேரத்துக்குச் சாப்பிடு, இருமலோடு மழையில் சைக்கிள் ஓட்டாதே. எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, கர்த்தர் உன்னைக் காப்பாராக. மறக்காமல் ஜோயலுக்குப் போன் செய்து, அந்த அறை அவனுக்குத்தான் என்று நீயே உன் வாயால் சொல்லிவிடு. நான் சொன்னால் இப்போது அவன் நம்புவதில்லை.

இப்படிக்கு
உன் அம்மா,
லோர்னா