ஓதல் இருந்த பென்டிரைவ்

செவ்வாய், 2009. விடிய மழை, பிறகு புழுக்கம்.

எனக்குக் கணினி தெரியாதாம், அதனால்தான் தம்பி மகள் றமீஸாவின் கணினி கெட்டதாம். தெருவில் கதை. பிழை. கொன்வென்ற் பள்ளியில் ஆங்கிலத்திலும் தட்டச்சிலும் முதலாவதாக வந்தவள் நான். வைரஸ் தடுப்பு காட்டிய சிவப்பு எச்சரிக்கைப் பெட்டியை முழுதாக வாசித்தேன். விளங்கித்தான் மூடச் சொன்னேன்.

மௌத்தான என்னவரின் வருட நினைவுக்கு ஓதும் கத்தத்துக்கு அக்கரைப்பற்றிலிருந்து வந்த பென்டிரைவ். முழுக் குர்ஆன் ஓதல். வீடு வீடாகச் சுற்றியது. றமீஸா வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். செருகியதும் பெட்டி.

"மாமி, வைரஸ் எண்டு காட்டுது. அழிக்கவா எண்டு கேக்குது."

"எதை? ஓதலையா? மூடு புள்ள."

"இல்ல மாமி, இது சும்மா வராது..."

"கைகால் கழுவி வுளுவோட கேக்கிற சாமானுக்குள்ள ஊத்தையா? அந்தக் காவல்காரனை நிப்பாட்டிப் போட்டுக் கேள்."

நிறுத்தினாள். யுத்தம் முடிந்தும் சோதனைச் சாவடியில் என் கைப்பையைத் திறக்கச் சொல்கிறார்களே, அதே கோபம் எனக்கு அந்தப் பெட்டியிடம்.

புதன். வெயில்.

வாங்க வேண்டியவை: தேயிலை, பனடோல், முட்டை. முட்டை மறந்தாயிற்று.

கல்முனைக் கடையில் கணினி திருத்துகிறவர்: "உம்மா, படமெல்லாத்துக்கு மேலயும் அந்த வைரஸ் தன்னை எழுதிட்டு. பேர் இரிக்கி, படம் இல்ல."

"ஓதல்?"

"அது நல்லா இரிக்கி."

சஹ்னாவின் படங்கள். றமீஸாவின் மகள், சுனாமியில் கடல் வந்த அன்று போனவள். வீட்டில் ஒரு படமும் மிஞ்சவில்லை. கட்டாரில் இருக்கும் என் மகன் நஸீருக்கு முன்பு தபாலில் அனுப்பியவை மட்டும் தப்பின. அவன் அவற்றை ஸ்கேன் செய்து சீடியில் கொண்டுவந்து றமீஸாவின் கணினியில் போட்டுக் கொடுத்தான்.

ஒன்றில் பள்ளிச் சட்டை, ரிப்பன் கோணல். போன மாதம்கூடச் சொன்னேன், நேராகக் கட்டியிருக்கலாம் என்று.

வியாழன். பி.ப. கறண்ட் இல்லை.

றமீஸாவிடம் போனேன். படம் போனது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். பிளேன்ரீ தந்தாள்.

"ஊரெல்லாம் நான் போய்ச் சொல்றன், விளங்கித்தான் செஞ்சன் எண்டு."

"வேணாம் மாமி. மாமிக்குக் கம்பியூட்டர் தெரியா எண்டு நான்தான் செல்லி வெச்சிரிக்கன். இல்லாட்டி உங்களைத்தானே ஏசுவாங்க."

அவள்தானா. தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன்.

வாசல் வரை வந்தாள். "காலைல சுபஹ் தொழுதுட்டு ஒரு படம் பாப்பன் மாமி. இண்டைக்கும் கம்பியூட்டர் மேசைக்கு முன்னால போய்க் குந்திட்டன். மறுகாதான் படம் இல்லாதது நினைவு வந்திச்சி."

வெள்ளி. காற்று.

நஸீருக்கு அழைப்பு. "சீடியா? அறை மாறினப்ப எங்கயோ வெச்சிட்டன் உம்மா. பாப்பம், இன்ஷா அல்லாஹ்."

எல்லாவற்றுக்கும் இதையே சொல்வான். கடிதம் எழுதினேன். முழுவதும் இவ்வளவுதான்:

மகன், சஹ்னாவின் படங்கள் என்னால் அழிந்தன. றமீஸாவால் அல்ல, வேறு யாராலும் அல்ல. சீடியையும், நாங்கள் தபாலில் அனுப்பிய படங்களையும் தேடு. இருக்கிறதா, இல்லையா? தொலைபேசியில் வேண்டாம். எழுதி அனுப்பு.