அமைச்சருக்காக நான் போட்ட போன்

மேடம்,

இன்று காலை பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில், தேங்காய் உடைபடும் சத்தத்துக்கு நடுவே பூக்கடை டிவியில் ஒரு செய்தி ஓடியது. ஏதோ ஒரு நாட்டில், நடத்தை விதியை மீறிய அமைச்சர் பதவி விலகிவிட்டாராம். வாங்கிய அருகம்புல் மாலையோடு அங்கேயே நின்றுவிட்டேன். நீங்கள் காலமாகி இரண்டு வருடமாகிறது.

நீங்கள் அமைச்சராக இருந்தபோது, உங்கள் தம்பியின் கார் விழிஞ்ஞம் போகும் வழியில் ஒரு மீனவரை இடித்துத் தள்ளியது. அவருக்குக் கால் முறிந்தது. தம்பியைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

"சுவாமி, அந்த இன்ஸ்பெக்டரை லைன்ல பிடிங்க" என்றீர்கள். கரமனை அக்கிரகாரத்துக்காரனான இந்த உதவியாளனை நீங்கள் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. நாகர்கோவிலில் படித்தபோது பழகிய உங்கள் தமிழில் நான் எப்போதும் 'சுவாமி'தான். உறவினருக்காகப் பதவியைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை, நீங்கள் பதவியேற்ற வாரத்திலேயே டைப் செய்து உங்கள் மேசையில் வைத்தவன் நான். இருந்தும் என் மொபைலில் எண்ணை அழுத்தி உங்களிடம் நீட்டினேன். தம்பியை வீட்டுக்கு அனுப்பும்படி மலையாளத்தில் சொன்னீர்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றாம் நாள் விஷயம் பத்திரிகையில் வந்தது. போன் என்னுடையதுதானே, உதவியாளர் தானாகப் பேசினார் என்று சொல்லிவிடலாம் என்றார்கள் கட்சிக்காரர்கள். நான் சம்மதித்தேன். நீங்கள் மறுக்கவில்லை. அது எனக்கு வலித்தது, மேடம். மறுநாள் காலை அந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போடக் குனிந்தபோது, பேனாவைப் பிடுங்கிக்கொண்டீர்கள்.

"வேண்டாம் சுவாமி. பேசினது நானாக்கும்."

அன்று மதியமே ராஜினாமா செய்தீர்கள்.

அடுத்த வாரம், கொடியில்லாத காரில் அந்த மீனவர் வீட்டுக்குப் போனோம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மனைவி நாற்காலி எடுத்துப் போட்டார். நீங்கள் உட்காரவில்லை. அரைமணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினீர்கள்.

கடைசியாக உங்களை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கேட்டீர்கள்: "அன்னிக்கு நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனா, சுவாமி?"

"கேட்டிருக்க மாட்டேள், மேடம்."

"அது செரியாக்கும்" என்று சிரித்துக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

ஆனால் அன்று நான் வாய்மூடி இருந்தது, நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று நினைத்து அல்ல. வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அதை அந்தக் கட்டிலருகிலாவது சொல்லியிருக்க வேண்டும். இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். நான் சொல்லியிருந்தால், ஒருவேளை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.